வாளியைத் தாண்டி வந்த சமாதானம்

ஜெபா, சாம்,

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தீர்களே, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சாம் என் காதோரம் வந்து கேட்டான். "அப்பா, நாம எந்தப் பக்கம்ப்பா உட்காரணும்?"

அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்க அம்மா எங்கன உட்காருதாளோ, அங்கன போய் உட்காருல" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த நேரத்துக்குத் தப்பித்துக்கொள்ளச் சொன்ன பதில் அது. பிறகு யோசித்துப் பார்த்தால், வேறு பதில் எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அம்மாவுக்குத் திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் நடந்தது தெரியாது. நீங்கள் இருவரும் அப்போது விடுதியில் இருந்தீர்கள். பரீட்சை நேரம், பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று அம்மா என் வாயைக் கட்டியிருந்தாள். இப்போது அவிழ்த்துவிட்டாள்.

இரண்டு பேர், இரண்டு சாவி

அன்று காலையிலேயே சாரல் பிடித்திருந்தது. மலை இருந்த இடத்தில் மலை இல்லை. குற்றாலத்துப் பக்கமிருந்து காற்று வந்து, குடைக்குள்ளே புகுந்து முகத்தை நனைத்தது. நான் கோயில் கேட்டின் முன்னால் சாவியோடு நின்றேன். திறக்க முடியாது. இன்னொரு சாவி வர வேண்டும்.

அந்தச் சாவி உங்கள் தங்கராஜ் மாமாவிடம் இருந்தது. அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். எங்கள் கல்யாணத்தில் என் கையைப் பிடித்து அழைத்துப்போன மனிதர். நானும் அவரும் பேசி அப்போது இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கேட்டுக்கு ஒரு சங்கிலி. இரண்டு பூட்டு. ஒவ்வொரு பூட்டும் சங்கிலியின் இரண்டு முனையையும் சேர்த்துக் கடித்திருக்கும். ஒன்றைத் திறந்தால் மற்றது விடாது. ஆக, இரண்டு பக்கத்து ஆளும் வந்தால்தான் கோயில் திறக்கும். திறந்ததும் அவரவர் பூட்டைச் சங்கிலியில் அவரவர் முனையில் மாட்டி அமுக்கிவிடுவோம், யாரும் எடுத்துப் போகாமல். ஆராதனை முடிந்தபின் சாவி போட்டு எடுத்து, மறுபடி சேர்த்துக் கடிக்க விடுவோம். இவ்வளவும் ஒரு வார்த்தை பேசாமல் நடக்கும்.

மாமாவின் பழைய வேன் வந்து நின்றது. அவர் இறங்கினார். என்னைப் பார்க்காமல் பூட்டைப் பார்த்தார். நானும் பூட்டைப் பார்த்தேன்.

எதிர்த்த டீக்கடை சங்கரன் அண்ணாச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை இது ஒரு காட்சி. பாலை ஆற்றிக்கொண்டே கத்தினார்.

"என்னவே, மச்சானும் மாப்பிளையும் சேந்து வந்தாத்தான் உங்க சாமிக்கு விடுதலையா? எங்க அம்மன் கோயிலுக்கு ஒத்தப் பூட்டு. அதுவும் துருப்பிடிச்சு, தொட்டா தொறந்துக்கிடும்!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் சிரித்தால் மற்றவர் பேச வேண்டிவந்துவிடும்.

கூரை

சண்டை கூரையால் வந்தது.

நம் கோயில் ஓட்டுக் கூரை. சாரல் நாளில் ஒழுகும். அதை இறக்கிவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்று ஒரு பக்கம். நான் அந்தப் பக்கம், இன்றைக்கும் அந்தப் பக்கம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உடைந்த ஓடுகளை மட்டும் மாற்று, கூரையைத் தொடாதே என்று மறு பக்கம். ஓட்டைத் தாங்குகிற அந்தக் கைமரங்களை இழைத்து ஏற்றியது மாமாவின் அப்பா, அதாவது உங்கள் தாத்தா. மாமா எப்படி இறக்க விடுவார்?

இப்படி ஒரு கருத்து வேற்றுமை எல்லா வீட்டிலும் வரும். நம்மிடம் வந்தது வேறு. கூட்டம் போட்டோம். ஜெபத்தோடு ஆரம்பித்தோம். முடியும்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஒடிந்து கிடந்தது. மனிதர் யாருக்கும் காயம் இல்லை. ஆனால் வாயால் பேசியது இருக்கிறதே, அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் கட்டுப் போட மாட்டார்கள். மறுநாள் விடியும்போது கேட்டில் இரண்டு பூட்டுத் தொங்கியது. அவர்கள் பூட்டு, நாங்கள் ஓட்டை இறக்கிவிடக் கூடாது என்று. எங்கள் பூட்டு, அவர்கள் ஓட்டை மாற்றிவிடக் கூடாது என்று.

கூரைக்காகச் சண்டை போட்ட அத்தனை நாளும் கூரையை ஒருவரும் தொடவில்லை. ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்தோம். அவ்வளவுதான்.

வேடிக்கை ஒன்று. பாட்டன் காலத்திலிருந்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்கார்ந்த சபை இது. எத்தனையோ போதகர்மார் குடும்பமாக உட்காருங்கள் என்று கெஞ்சியும் மாறவில்லை. சண்டை வந்ததும் வலப்பக்கம் கான்கிரீட், இடப்பக்கம் ஓடு என்று ஆகி, புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிரிந்ததால்தான் சேர்ந்து உட்கார்ந்தோம். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் "எவ்வளவு ஒற்றுமையான சபை" என்று மெச்சிவிட்டுப் போனார்.

அம்மா மட்டும் எந்தப் பக்கமும் உட்காரவில்லை. அவளுக்குப் பாட்டு வராது என்று உங்களுக்குத் தெரியும். தாலாட்டுப் பாடினால் நீங்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள். அவள் போய்ப் பாடகர் குழுவில் சேர்ந்தாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, "அந்த பெஞ்சுதான் குறுக்கால கெடக்கு" என்றாள். ஆமாம். பாடகர் பெஞ்சு முன்னால், பீடத்துக்குப் பக்கத்தில், குறுக்காகப் போட்டிருக்கும். அது யாருடைய பக்கமும் இல்லை.

குற்றாலத்துக் கிட்டங்கி

இங்கே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் குற்றாலத்தில் சிப்ஸ் போடப் போன கதையை இதே பத்திரிகையில் முன்னமே எழுதினேன். எங்கள் முதலாளிக்கும் பக்கத்துக் கடை மலையாளிச் சேட்டனுக்கும் ஆகாது. சீசனில் காரை நிறுத்தி இறங்குகிற ஆட்களைக் கையைப் பிடித்து இழுப்பதில் தினமும் தகராறு. "ஞான் வறுத்தது சிப்ஸ், அவன் வறுத்தது செருப்பு" என்று சேட்டன் கூவுவார். எங்கள் முதலாளி பதிலுக்குச் சொன்னதை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது.

ஆனால் வாழைத்தாரும் எண்ணெய் டின்னும் வைக்க இருவருக்கும் ஒரே கிட்டங்கிதான். அதன் கதவில் இரண்டு பூட்டு. அதை அவர்கள் மாட்டுகிற விதமே வேறு. சேட்டன் பூட்டு சங்கிலியின் ஒரு முனையில், எங்கள் பூட்டு மறு முனையில், நடுவில் பூட்டின் வளையத்துக்குள் பூட்டின் வளையம். சங்கிலியில் இரண்டு கண்ணி கூடினது போல. எந்தப் பூட்டைத் திறந்தாலும் கதவு திறக்கும். விடிகாலையில் யார் முதலில் வந்தாலும் அடுப்பு தாமதிக்காது.

ஒருவர் மூஞ்சியில் ஒருவர் முழிக்காதவர்கள்தான். தார் காணாமல் போனது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

நம் கோயில் கேட்டில் அப்படி மாட்டலாமே என்று ஒரு தடவை எங்கள் பக்கத்துப் பெரியவர் அருளப்பனிடம் சொன்னேன். "நாம இல்லாத நேரம் அவனுவ தொறந்துட்டா?" என்றார். திறந்தால் ஜெபம்தானே பண்ணுவார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

"எனக்குப் பந்தி வேணும்"

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்காக ரத்தம் போய், நடந்தால் கதவைப் பிடிக்கிற நிலைமை. ரத்தம் குறைவாக இருப்பதால் கொஞ்சம் சிக்கல்தான் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். நான் முகத்தை மாற்றிக்கொண்டுதான் வெளியே வந்தேன். அவள் பார்த்ததுமே, "சொல்லிட்டாரா?" என்றாள்.

புதிதாக வந்த போதகர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர், சத்தமே வராது. "ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ராப்போஜனம் எடுத்துக்கிடுங்கம்மா. வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்" என்றார். ராப்போஜனம் என்றால், இந்தப் பத்திரிகையை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், ஆண்டவருடைய அப்பத்தையும் திராட்சரசத்தையும் சபையாகப் பீடத்தின் முன் முழங்காலிட்டு வாங்குவது. வரிசை வரிசையாகப் போவோம். ஒவ்வொரு வரிசையையும் பந்தி என்போம்.

அம்மா மறுத்துத் தலையாட்டினாள். "வேண்டாங்கய்யா. வீட்டுல வச்சு வாங்குனா மருந்து குடிச்ச மாதிரி இருக்கும். எனக்குப் பந்தி வேணும்."

"கோயிலுக்கே வாங்களேன்."

"வருதேன். ஆனா இப்போ நம்ம கோயில்ல பந்தி எங்க இருக்கு? வலது பக்கத்தான் மொதல்ல வாங்கிட்டு எந்திரிச்சுப் போறான், அப்புறம் இடது பக்கத்தான் வந்து முட்டி போடுதான். எங்க அண்ணன் ஒரு பக்கம், இவிய ஒரு பக்கம், நடுவுல நான். அப்படி ஒரு தடவ வாங்கிட்டுப் போறேன். அதுக்கு மேல ஆண்டவர் பாத்துக்கிடுவாரு."

போதகர், நாங்கள் கொடுத்த காப்பியைக் குடிக்க மறந்து எழுந்துபோனார்.

ஒரே கையில்

எங்கள் ஆராதனையில் ராப்போஜனத்துக்கு முன்னால் சமாதானம் சொல்வது உண்டு. சொல்வது என்பதைவிடக் கொடுப்பது என்பதுதான் சரி. போதகர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவார். வாங்குகிறவர் அதைத் தன் உள்ளங்கைகளுக்குள் வாங்குவார். பிறகு அவர் அடுத்தவருக்கு நீட்டுவார். அப்படியே கைக்குக் கை, பெஞ்சுக்குப் பெஞ்சு போகும். நடுவில் அந்தக் கையால் மூக்கைக்கூடச் சொறியக் கூடாது என்று எங்களுக்கு ஓய்வுநாள் பள்ளியில் தலையில் குட்டிச் சொல்லித் தந்திருந்தார்கள்.

சண்டைக்குப் பிறகு முந்தைய போதகர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வலது பக்கத்துக்குத் தனியாக ஒருவரிடம், இடது பக்கத்துக்குத் தனியாக ஒருவரிடம் கொடுப்பார். இரண்டு சமாதானமும் கடைசி பெஞ்சு வரைக்கும் இறங்கி வந்து, நடைபாதையின் இரண்டு கரையிலும் நின்றுவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதிய போதகர் இறங்கி வந்து, வலப்பக்கம் முதல் பெஞ்சில் அருளப்பன் கைக்கு மட்டும் கொடுத்தார். திரும்பி நின்று, அதே சத்தமில்லாத குரலில் சொன்னார்:

"இந்தக் கையில் கொடுத்திருக்கிறேன். பின்னால் போய், அந்தப் பக்கம் ஏறி, பாடகர் பெஞ்சு வழியாக என் கைக்குத் திரும்பி வரட்டும். வந்த பிறகு பந்தி. வராவிட்டால் இன்றைக்கு ராப்போஜன மேசையை மூடிவிடுகிறேன்."

போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

சாவிக்காரர்கள் கடைசி பெஞ்சில், நடைபாதை ஓரத்தில் உட்காருவது வழக்கம். எங்கள் பக்கத்துக் கடைசிக் கை என் கை. நடைபாதைக்கு அந்தப் பக்கம் முதல் கை, தங்கராஜ் மாமாவின் கை. நடுவில் ஒழுகலுக்கு வைத்த பச்சை வாளி.

முன்னால் குறுக்கு பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறி, சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு. என்னைப் பார்க்கவில்லை. சமாதானம் எந்த பெஞ்சில் வருகிறது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாளி

பெஞ்சு பெஞ்சாக வந்தது. என் கைக்கு வந்தது. எழுந்தேன்.

"ஏய், நீ எறங்கிப் போவாத" என்று முன் பெஞ்சிலிருந்து ஒருவர் திரும்பாமலே பல்லைக் கடித்துச் சொன்னார். "போனா நாம தோத்த மாதிரி."

நான் போனேன். துணிச்சலால் இல்லை. அம்மா முகம் அப்படி இருந்தது. வாளிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கமாகக் கையை நீட்டினேன்.

மாமா சுவரைப் பார்த்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அது எங்க அய்யா ஏத்துன ஓட்ட எறக்கச் சொல்லித் தூக்குன கை" என்றார். என்னிடம் இல்லை, சுவரிடம்.

வாளியில் சொட்டு விழுந்தது. கோயில் முழுக்கக் கேட்டது. இன்னொன்று விழுந்தது. கையை நீட்டியபடி நிற்பது எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது. மடக்கினால் எல்லாம் முடிந்தது. பந்தி இல்லை. அம்மா அதை வாங்காமலே ஆபரேஷன் மேசையில் போய்ப் படுப்பாள்.

இடப்பக்கத்திலிருந்து யாரோ, "பாஸ்டர் ஐயா, நேரம் ஆவுதே" என்றார்.

"எனக்கு மத்தியானம் வரைக்கும் வேறு வேலை இல்லை" என்றார் போதகர்.

அப்போது அம்மா எழுந்தாள்.

பெஞ்சு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டு, நடைபாதையில் இறங்கி வந்தாள். வலக்கையால் எங்கள் பக்கத்து பெஞ்சு, இடக்கையால் அவர்கள் பக்கத்து பெஞ்சு. அவ்வளவு தூரம் தனியாக நடந்து நான் பார்த்து நாளாகியிருந்தது. ஓடிப்போய்ப் பிடிக்க உடம்பு துடித்தது. கையில் சமாதானம் இருந்தது. நகர முடியவில்லை.

வந்தாள். என் கைகளைத் தன் கைகளுக்குள் வாங்கினாள். ஐஸ் போல இருந்தது. அண்ணன் பக்கம் திரும்பி நீட்டினாள்.

மாமா கையைப் பின்னாலேயே வைத்திருந்தார். "நீ போய் உட்காருட்டி. ஒனக்கு முடியாது" என்றார்.

அம்மா ஒரு எட்டு வைத்தாள். கால் வாளியில் இடித்தது. வாளி கவிழ்ந்தது, தண்ணீர் தரையில் ஓடியது, அவள் முன்னால் சாய்ந்தாள். மாமா பாய்ந்து பிடித்தார். சேர்த்து நீட்டியிருந்த அவளுடைய இரண்டு கையையும், தன் இரண்டு கையால்.

அம்மா விழவில்லை. அவர் கையை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வாங்கிட்டண்ணே" என்றாள். "அங்கிட்டுக் குடு."

மாமா தன் கைகளைப் பார்த்தார். "ஏட்டி, விழுந்தியா? விழுத மாதிரி நடிச்சியா?"

"மொதல்ல அடுத்தாளுக்குக் குடு. ஏச்ச அப்புறம் ஏசு."

அவர் அந்தக் கையை உதறியிருக்கலாம். வேட்டியில் துடைத்திருக்கலாம். யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் மெல்லத் திரும்பி, தன் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவருக்கு நீட்டினார்.

அது ஏறிப் போவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அது நடிப்பா, மயக்கமா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். இந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். இதோ, அங்கே நின்று பாடிக்கொண்டிருக்கிறாள். பாட்டு இன்னும் வரவில்லை. வராவிட்டால் என்ன, குரல் கேட்கிறதே.

முதல் பந்தியில் வலது இடது பார்க்காமல் ஆட்கள் வந்து முழங்காலிட்டார்கள். இடித்துக்கொண்டு, நகர்ந்துகொண்டு, பழக்கம் விட்டுப்போனவர்களைப் போல. அம்மா நடுவில். அவளுக்கு ஒரு பக்கம் நான். மறு பக்கம் மாமா. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் ஒரே கிண்ணத்திலிருந்து குடித்தோம்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். கூரை இன்னும் முடிவாகவில்லை. நானும் மாமாவும் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசினால் குரல் உயரும். ஆனால் பேசுகிறோம், பிள்ளைகளே. ஒரே கருத்து இருந்தால்தான் ஒரே சபை என்று நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை.

சங்கிலி

ஆராதனை முடிந்ததும் அம்மாவுக்கு நிஜமாகவே முடியவில்லை. மாமா அவளைத் தாங்கிக்கொண்டுபோய்த் தன் வேனில் உட்கார வைத்தார். வண்டியைக் கிளப்பிக்கொண்டே கண்ணாடியை இறக்கி, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"கேட்டப் பூட்டிட்டு வாரும்வே."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. வேன் எங்கள் வீட்டுப் பக்கம் போய்விட்டது.

சபையார் எல்லோரும் போனார்கள். சங்கரன் அண்ணாச்சியும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையை மூடியிருந்தார். நான் வாளியை நிமிர்த்தி ஒழுகலுக்கு நேரே வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, கேட்டுக்கு வந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். காலையில் மாட்டியபடியே மாமாவின் பூட்டு சங்கிலியின் ஒரு முனையில் தொங்கிக்கொண்டிருந்தது, அமுக்கிப் பூட்டினபடி. அதைத் திறந்து வழக்கம்போல மாட்ட அவர் சாவி வேண்டும். அது வேனில் போய்விட்டது.

என் பூட்டை எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துக் கடிக்கவிட்டால் கோயில் எங்கள் சாவிக்கு மட்டும்தான் திறக்கும். அருளப்பன் கேட்டால் சந்தோஷப்படுவார்.

சாரல் கையில் விழுந்துகொண்டிருந்தது. என் பூட்டைத் திறந்தேன். வளையத்தின் வழியாகச் சங்கிலியின் மறு முனையைக் கோத்தேன். பிறகு அதே வளையத்தை, குற்றாலத்துக் கிட்டங்கிக் கதவில் செய்வது போல, மாமாவின் பூட்டு வளையத்துக்குள் நுழைத்தேன். துரு ஏறியிருந்ததால் கொஞ்சம் முரண்டு பிடித்தது. திருப்பித் திருப்பி நுழைத்து, அமுக்கினேன்.

ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். உறுதியாக இருந்தது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.